துண்டுக்கடியில் பேசி முடித்த ஜன்னல்

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த மாடியைப் பற்றிச் சொல்வதானால் அதில் இல்லாததிலிருந்து தொடங்க வேண்டும். சமையலறைக்கு ஜன்னல் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. தெருவைப் பார்த்த கூடத்தில் இரண்டு பெரிய ஜன்னல்கள். பச்சைத்தோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் அந்த வழியாகப் போவதைப் பார்க்கலாம். அவற்றின் பின்னால் நாலைந்து நாய்கள் மிகுந்த பக்தியோடு நடந்து போவதையும் பார்க்கலாம். தெருவிலிருந்து நேராக மாடிக்கு ஏற எங்களுக்கென்று தனிப் படிக்கட்டு. கீழ் வீட்டு முற்றத்திலிருந்தும் ஒரு படிக்கட்டு மேலே வந்தது. ஆனால் மாடியை வாடகைக்கு விட்டபோது அதன் மேல்முனையில் செங்கல் வைத்துப் பூசி அடைத்துவிட்டார்கள். அடைத்த இடம் சமையலறைக்குப் பக்கத்து நடையில், வாசல் வடிவத்தில் ஒரு தழும்பு போலத் தெரியும்.

நான் அப்போது ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்துக்கு ஷாப்பு என்று பெயர். வெளியூர்க்காரர்கள் ஏதோ கடை என்று எண்ணிக்கொண்டு வந்து, வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். எத்தனை தோல் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது, எத்தனை வெளியே வந்தது என்று எழுதுவது என் வேலை. ஒரு தோலைக்கூடக் கையால் தொடாமல் அத்தனை தோலின் வாசனையையும் வீட்டுக்குக் கொண்டுவரும் வித்தை எனக்குக் கைவந்திருந்தது. கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள்: "எழுத்து வேலைன்னு சொல்லித்தானே எங்க வூட்ல பொண்ணு கேட்டீங்க?"

"ஆமா, எழுத்து வேலைதான்."

"இன்னாத்தைத் தொட்டு எழுதறீங்க?"

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் தோல் வியாபாரி. சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கி ஷாப்புகளுக்குப் போடுவார். எங்கள் ஷாப்புக்கும் போடுவார். ஊரே அவரைச் சாயபு என்றுதான் கூப்பிட்டது; நானும் அப்படித்தான். அவர் அத்தர் பூசிக்கொள்வார், நான் பூசிக்கொள்ள மாட்டேன். வாசனை விஷயத்தில் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆமாம் என்றும் சொல்லமாட்டார். குடிவந்த அன்று சாவியை என் கையில் வைத்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"ரைட்டரே, சுவரு என்னுது. காத்து உங்களுது."

எவ்வளவு தாராளமான மனசு என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன். சமையலறையில் அடுப்பு மூட்டிய பிறகுதான் என் பங்குக்கு வந்த காற்று அந்த வீட்டில் எங்கேயும் இல்லை என்று தெரிந்தது.

புகை வேறு சாதாரணப் புகை இல்லை. அதற்குக் காரணம் என் சிக்கனம். ஷாப்பில் ஆவாரம்பட்டையைத் தொட்டியில் ஊறவைத்துத் தோலுக்குச் சாறு ஏற்றுவார்கள். சாறு இறங்கிய சக்கையை மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். காய்ந்தால் எரியும். வேலைக்காரர்கள் கேட்டால் சும்மா தருவார்கள். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு விறகுக் கடைக்குப் போக நான் என்ன ஜமீன்தாரா? சாக்கு சாக்காகக் கொண்டுவந்தேன். அது முழுசாகக் காய்வதற்குள் கொண்டுவந்தேன் என்பதுதான் விஷயம். பற்ற வைத்தால் நெருப்பு வருவதற்கு முன்னால் புகை வரும், புகைக்கு முன்னால் என் மனைவி இருமிக்கொண்டே கூடத்துக்கு வருவாள். அந்த வீட்டில் ரசத்துக்குக்கூடத் தோல் பதனிட்ட ருசி இருந்தது.

அவளுக்கு ஆறாம் மாசம் நடந்தபோது ஒருநாள் ஷாப்பிலிருந்து வந்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் இல்லை. தெரு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"எங்க தம்பிக்கு மூச்சு இழுப்பு இருக்குது, தெரியும் இல்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"எங்கப்பாவுக்கும் இருந்துது. பொறக்கப்போற புள்ளைக்கு வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தாங்க? நீங்களா?"

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வர்ற மாசம் நான் பிரசவத்துக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போறேன். பொகை போறதுக்கு வழி இல்லாத இந்த வூட்டுக்குப் பச்சப் புள்ளையத் தூக்கிக்கினு வரமாட்டேன். ஜன்னல் வெச்சிட்டுச் சொல்லியனுப்புங்க. வெக்கலன்னா, புள்ள பெரிசாகிக் காலேஜுக்குப் போற அன்னைக்கு வந்து பாத்துக்குங்க."

அவள் அம்மா வீடு அணைக்கட்டு என்கிற ஊரில். சொன்னால் செய்கிறவள். அவ்வப்போது கோபித்துக்கொண்டு போகிற பெண்ணாக இருந்தால் பழகிப்போயிருக்கும். இவள் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டு போனதில்லை. அதனால்தான் அந்த வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கே கீழே இறங்கிப்போய் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நான் ரைட்டர் ஆயிற்றே. ஷாப்பு முதலாளிக்காக மதராஸுக்குக் கடிதம் எழுதுகிற கை. இரண்டு நாள் யோசித்து, கலெக்டருக்கு மனு எழுதுவது போல, "மகா கனம் பொருந்திய வீட்டு உரிமையாளர் அவர்கள் திவ்ய சமுகத்துக்கு" என்று தொடங்கி ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். அதை எடுத்துக்கொண்டு தெருப் படியில் இறங்கி, பக்கத்திலேயே இருந்த அவர் வாசலில் நின்று, இரண்டு கையாலும் நீட்டினேன்.

சாயபு முழுவதையும் நிதானமாகப் படித்தார். மடித்தார். "ரைட்டரே, மேல் வூட்லேர்ந்து கீழ் வூட்டுக்குக் கடுதாசியா? நடுவுல தபால்காரன் பேஜாராயிடுவானே" என்றார்.

"ஒரு ஜன்னல், சாயபு. சமையல் ரூம்புல. பின்பக்கச் சுவர்ல."

"பின்பக்கமா?" தாடியைத் தடவினார். "அந்தச் சுவருக்குக் கீழ இன்னா இருக்குது?"

"உங்க வூட்டு முத்தம்."

"அந்த முத்தத்துல யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வீட்டுப் பெண்கள் கோஷா. தெருவுக்கு வந்தால் மூடு வண்டி, வீட்டுக்குள் வேற்று ஆண் வந்தால் திரை. அந்த முற்றம் ஒன்றுதான் அவர்கள் முக்காடு இல்லாமல் வெயிலில் நிற்கிற இடம். அதற்கு நேர் மேலே என்னுடைய ஜன்னல்! நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதோடு திரும்பியிருந்தால் மரியாதை. ஆனால் அணைக்கட்டு நினைவுக்கு வந்தது.

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சாயபு" என்றேன்.

"அப்பிடியா?"

"கண்ணாடி இல்லன்னா நான் குருடன்தான். சமைக்கிற எடத்துல கண்ணாடி போட்டுக்கவே மாட்டேன். வேணும்னா பாருங்க!" என்று கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். உலகம் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. வாசலுக்குப் பக்கத்தில் யாரோ பெரிய மனிதர், அகலமான தோள், கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார். சாயபுவைப் பார்க்க வந்த வியாபாரியாக இருக்கும் என்று எண்ணி, குனிந்து ஒரு கும்பிடு போட்டேன். அவர் பதில் கும்பிடு போடவில்லை. சரி, கௌரவம் பார்க்கிறவர் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

அது மூங்கிலில் உலர்த்தப் போட்டிருந்த எருமைத்தோல்.

சாயபு தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். உள்ளே திரைக்குப் பின்னாலும் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு கேட்டது. அது அவர் சம்சாரம் என்று தெரியும். அந்த அம்மாளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. குரலும் சிரிப்பும் மட்டும் பழக்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயபு சொன்னார்: "நெஜம்தான் ரைட்டரே, உங்களுக்குத் தெரியல. ஆனா கழட்டின கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கலாம் இல்ல?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே வந்தேன். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், "பாக்கலாம்," "ரம்ஜான் போவட்டும்," "மழை விடட்டும்" என்பார். ஒருதடவை, "அந்தப் பட்டைச் சக்கையை எரிக்காதீங்க, வெறகு வாங்குங்க, அப்பால ஜன்னல் எதுக்கு?" என்றார். விறகும் வாங்கிப் பார்த்தேன். புகை கொஞ்சம் கம்மியாயிற்று. ஆனால் கம்மியான புகையும் போவதற்கு வழியில்லாமல் அங்கேயேதான் குடியிருந்தது. அதற்குள் என் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு, மாதனூர் வழியாகப் போகிற வண்டியில் ஏறிவிட்டாள். ஏறும்போது ஒரே வார்த்தை: "ஜன்னல்."

தனியாகச் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவள் ஏன் இருமினாள் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. ஷாப்புக்குப் போனால், "இன்னா ரைட்டரே, அழுதுக்கினே வர்றீங்க? வூட்ல அம்மா இல்லாத ஏக்கமா?" என்று கேலி செய்தார்கள். புகை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்கூட வந்தது.

எங்கள் ஷாப்புக்கு வருகிற தரகர் ஒருவர், சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர், என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாயபுகிட்ட வாயால கேட்டா எந்தக் காலத்துலயும் ஆவாது, தோஸ்த். அவரு வாயால எதையாவது முடிச்சிப் பாத்திருக்கியா? கையைப் புடி. துண்டைப் போட்டுக் கேளு."

நான் பார்த்திருக்கிறேன், தினமும். தோல் சந்தையில் விலையைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். சுற்றி நிற்கிற ஆட்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டை மூடிக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பதுதான் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையைப் பிடித்தால் ஐந்து. வாய் மட்டும் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். அப்படி முடிந்த பேரத்தை எவனும் மாற்றமாட்டான். வாயால் சொன்னதை இல்லை என்றுவிடலாம். கையால் சொன்னதை இல்லை என்றால் மறுநாள் சந்தையில் யாரும் கை கொடுக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். ஒருநாளும் துண்டுக்கடியில் கை விட்டதில்லை. பார்த்ததே போதும் என்று ஒரு தைரியம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாயபு வாசலில் உட்கார்ந்திருந்த நேரம், புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்து துண்டை எடுத்து விரித்தேன். சாயபுவின் புருவம் ஏறியது.

"இன்னா ரைட்டரே, தோல் விக்க வந்தீங்களா?"

"ஜன்னல், சாயபு" என்று கையை நீட்டினேன்.

அவர் முகத்தில் முதல்தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. நகர்ந்து உட்கார்ந்தார். கையைக் கொடுத்தார். துண்டு மூடிக்கொண்டது.

ஜன்னலின் அகலத்தைத்தான் பேச வேண்டும் என்று நான் வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். ஐந்து அடி கேட்பது, அவர் இரண்டுக்கு இறக்குவார், மூன்றில் முடிப்பது. இதுதான் திட்டம். அவர் கையை முழுதாகப் பிடித்தேன். ஐந்து.

"இந்த வருஷம் பாலாத்துல தண்ணி எப்பிடி?" என்றார் சாயபு.

"பரவாயில்ல" என்றேன்.

அவர் என் கையை முழுதாகப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஐந்தும் ஒன்றும் ஆறு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டதற்கு மேல் தருகிறாரே! எந்தச் சந்தையிலும் பொருளைக் கொடுக்கிறவர், கேட்டவனைவிட மேலே ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் பேராசைக்கு யோசனை எங்கே? மகராசன், மனசு இளகிவிட்டது, இதுதான் சமயம் என்று அவர் கையை முழுதாகப் பிடித்து, இரண்டு விரலை அழுத்தினேன். ஏழு!

சாயபு என்னை உற்றுப் பார்த்தார். "ரைட்டரே, நெசமாவா?"

"நெசமாத்தான்."

"உங்களுக்குக் கஷ்டமாயிராதா?"

"எனக்கு இன்னா கஷ்டம்? சந்தோஷம்" என்றேன்.

சாயபு கையைக் குலுக்கினார். முடிந்தது. துண்டை எடுத்து உதறி, என் தோளில் அவரே போட்டார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "கேட்டியா? ரைட்டர் மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுஷன் இந்த ஆம்பூர்லயே கெடையாது" என்றார். திரைக்குப் பின்னால் இருந்த குரலும், "எருமைக்கே கும்பிடு போட்ட மனுஷன், கேக்கணுமா?" என்றது.

ஏழடி அகல ஜன்னல் வாங்குவதில் என்ன மரியாதை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத பாராட்டை வாங்கிக்கொள்வதும் ஒரு சுகம்தான். நேராகத் தச்சரிடம் போய், நல்ல வேப்பமரத்தில் ஏழடிக்குச் சட்டம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு தடவை கேட்டார்: "ஜன்னலா, கோட்டை வாசலா?" எங்கள் சமையலறைச் சுவரே எட்டடிக்கு மேல் இருக்காது. இருந்தால் என்ன? காற்று என்னுடையது.

சட்டம் வண்டியில் வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. நாலு பேர் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். அன்றைக்கே கொத்தனாரும் கடப்பாரையோடு வந்தார். சாயபு கையில் அடுப்புக்கரியோடு வந்து, சுவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டார். அதில் ஏறினார். தரையிலிருந்து அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு கிழித்தார்.

"ஏழடி. இதுக்கு மேல ஆரம்பிங்க."

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பிறகு சட்டத்தைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன்.

துண்டுக்கடியில் நான் பேசியது அகலம். அவர் பேசியது உயரம். ஜன்னலின் அடிப்பக்கம் தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை முழுவதும். நான் ஐந்து என்றதும், நிற்கிற ஆள் கண்ணுக்கு முற்றம் தெரிந்துவிடுமே என்று ஆறு என்றிருக்கிறார். அதற்கு நான், 'முக்காலியில் ஏறினாலும் தெரியக்கூடாது, ஏழாக இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கிறேன்! என்ன ஒரு உத்தமன்!

"இந்தச் சட்டம் எதுக்கு?" என்று சாயபு கேட்டார்.

கையால் கொடுத்ததை வாயால் வாங்க முடியுமா? "சும்மா," என்றேன், "மரம் சல்லிசாக் கெடச்சிது."

கொத்தனார் உயரத்தில் சின்னதாக ஒரு ஜன்னலை வைத்தார். அகலம் அவர் கைவசம் வைத்திருந்த பழைய கம்பிச் சட்டத்தின் அகலம். அதன் வழியாக வெளியே பார்க்க வேண்டுமானால் பல்லியாகப் பிறந்திருக்க வேண்டும். ஏழடிச் சட்டத்தை நடையில் சாய்த்து வைத்தேன். துணி உலர்த்த வசதியாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "இது இன்னாது, தூக்குமேடையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் அணைக்கட்டில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். என் மனைவி முதலில் குழந்தையைக் காட்டவில்லை. "ஜன்னல் வெச்சாச்சா?" என்றாள். "வெச்சாச்சு" என்றேன். எவ்வளவு பெரிசு, எங்கே என்று அவள் கேட்க நான் விடவில்லை. குழந்தையின் மூக்கு யார் சாயல் என்று பேச்சைத் திருப்பிவிட்டேன்.

ஆனால் ஊருக்குத் திரும்பியதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவ்வளவு உயரத்தில் வைத்த பொந்தைக் காட்டினால் அவள் என்ன சொல்வாள்? வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவாளே! வீட்டில் சமைத்தாலும் நான் அடுப்பை மூட்டிவிட்டுக் கூடத்துக்கு ஓடிவிடுகிற ஆள். புகை போகிறதா நிற்கிறதா என்று நின்று பார்க்கிற தைரியம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

மூன்றாம் மாசம் ஒரு காலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. நான் ஓடினேன். என் மனைவி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில், முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கு."

"மொதல்ல மேல போயி அடுப்பைப் பத்த வைங்க."

"எறங்கி வந்து பாரேன்."

"பத்த வைங்க. நான் இங்கேயே இருக்கேன். பொகை தெருப் பக்கம் வந்துதுன்னா வண்டி திரும்பிடும்."

வண்டிக்காரரும் மாட்டை அவிழ்க்காமல் மூக்கணாங்கயிற்றைக் கையிலேயே பிடித்திருந்தார். எல்லாம் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

மேலே ஓடினேன். விறகு தீர்ந்துபோயிருந்தது. மூலையில் பழைய சாக்கில் பட்டைச் சக்கை. அதுவும் முந்தின நாள் மழைச் சாரலில் நனைந்தது. வேறு வழியில்லை. அள்ளிப் போட்டு, எண்ணெய் ஊற்றி, பற்ற வைத்தேன். வந்தது பாருங்கள் ஒரு புகை! என் வாழ்நாளிலேயே அப்படிப் புகை பார்த்ததில்லை. கருகருவென்று எழுந்து அறையை அடைத்தது. முடிந்தது என் குடித்தனம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால் அடுப்பு தெரிந்தது. அப்புறம் சுவர் தெரிந்தது. புகை மொத்தமாக மேலே ஏறி, உத்தரத்தை ஒட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போவதுபோல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அந்தச் சின்னப் பொந்து வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. புகை மேலே போகும் என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது என் வீட்டுப் புகைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் கேட்ட இடத்தில், இடுப்புயரத்தில், ஏழடிக்கு ஜன்னல் வைத்திருந்தால் புகை அதைக் கண்டுகொள்ளாமல் தலைக்கு மேலேயே நின்றிருக்கும்.

அந்த ஆனந்தத்தில் இருக்கும்போதே கீழே முற்றத்திலிருந்து இருமல் கேட்டது. ஒரு இருமல் இல்லை, வீடு முழுவதும் இருமல். சாயபுவின் சம்சாரத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "யா அல்லா! மேல் வூட்ல இன்னா எரியுது? ரைட்டரா?"

சக்கைப் புகை கனம் ஜாஸ்தி. வெளியே போனதும் நேராக முற்றத்தில் இறங்கிவிட்டது. கண்ணாடி போடாத புகைக்குக் கோஷா எல்லாம் ஏது?

நான் வாசலுக்கு ஓடி வந்தபோது என் மனைவி வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மேல இருமல் இல்ல, கீழதான் இருமறாங்க" என்றாள். "ஜன்னல் நல்லாத்தான் வேலை செய்யுது."

அதே சமயம் சாயபுவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ரைட்டரே! சக்கையை எரிக்காதீங்கன்னு நான் எத்தினி தரம்..." என்று தொடங்கியவர் முந்தானைக்குள் இருந்த சின்ன முகத்தைப் பார்த்தார். சால்வையால் தாடியைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நாளைக்கு என் ஆளு ஒரு வண்டி வெறகு எறக்குவான். அந்தச் சக்கை மூட்டை இன்னைக்கே வெளிய போவணும்" என்றார். இதற்கு மட்டும் துண்டு தேவைப்படவில்லை.

மாடிக்கு வந்ததும் என் மனைவி கழுத்தை அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். "இவ்ளோ மேல வெக்கச் சொல்லி யாரு யோசனை?"

"என் யோசனைதான். பொகை மேலதானே போவும்?"

அவள் நடைக்குப் போனாள். சாய்த்திருந்த ஏழடிச் சட்டத்தைப் பார்த்தாள். அதில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியைப் பார்த்தாள். கேட்காமலே தெரிந்துகொண்ட சிரிப்பு ஒன்று சிரித்தாள். அதற்குக் கேட்டிருந்தாலே தேவலை.

அதன்பிறகு அந்த ஜன்னல் வழியாகப் புகை மட்டும் போகவில்லை. குழந்தை அழுகையும் போயிற்று. அழுதால் கீழே கேட்கும். உடனே அங்கிருந்து, "மேல புள்ள அழுவுது!" என்று ஒரு குரல் வரும், எங்களுக்குத் தெரியாதது போல. சிரித்தாலும் கேட்கும். "இன்னாத்துக்குச் சிரிக்குது?" என்று கேட்பார்கள். என் மனைவி அடுப்படியிலிருந்தே கத்திப் பதில் சொல்வாள். "அப்பா மூக்கைப் பாத்து!" இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இரண்டு வீட்டுக்கும் நாள் முழுவதும் பேச்சு. ஏழடிக்கு மேலே கண் போகாது. காது போகும் என்பதை சாயபு யோசித்திருக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் ஷாப்பிலிருந்து வந்தால், எங்கள் கூடத்தில் சாயபு உட்கார்ந்திருந்தார். சுவரில் கோடு கிழித்த நாளுக்கு அப்புறம் அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் துண்டு.

"ரைட்டரே, ஒரு பர்மிஷன் வேணும்" என்றார்.

"எங்கிட்டயா? வூடு உங்களுது."

"சுவரு என்னுது. ஆனா அந்தச் சுவருக்குப் பின்னால குடும்பம் உங்களுது." அவர் நடைப் பக்கம் கையைக் காட்டினார். "முத்தத்துப் படி இருக்குதே, மேல அடைச்சது. அதைத் தொறக்கணும்ங்கறாங்க எங்க வூட்டுப் பொம்பளைங்க. புள்ளை சத்தம் கேட்டுக் கேட்டு, பாக்காம இருக்க முடியலயாம். தெருப் படியில ஏறி வர முடியாது. உள்படி இருந்தா, நீங்க ஷாப்புக்குப் போன அப்பால வந்து பாத்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள எறங்கிடுவாங்க. எனக்கு நாளெல்லாம் இதே பேஜார்." பிறகு ஏழடிச் சட்டத்தைப் பார்த்துத் தாடிக்குள் சிரித்தார். "அதுக்கு நெலையும் ரெடியா இருக்குது போலிருக்கு. நிமித்தி வெச்சா சரியா வரும்."

படுக்கைவாட்டில் சாய்ந்திருந்த சட்டத்தை நான் பார்த்தேன். ஏழடி உயரம், ஒரு ஆள் அகலம். தச்சர் கேட்டது சரிதான், அது வாசல்தான். நான்தான் ஜன்னல் என்று பெயர் வைத்திருந்தேன்.

சாயபு துண்டை விரித்தார். கையை நீட்டினார். இந்தத் தடவை நான் கையைக் கொடுக்குமுன் கேட்டேன்:

"சாயபு, மொதல்ல சொல்லிடுங்க. எதோட அளவு? அகலமா, உயரமா, நேரமா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. எல்லாம் எப்போதோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. அநேகமாகச் சட்டம் வண்டியில் வந்திறங்கிய அன்றைக்கே.

"நேரம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தினி மணி வரைக்கும் வரலாம்னு."

நான் கையைத் துண்டுக்கடியில் விட்டேன். விரலைப் பிடிப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்து, முற்றத்தில் நின்றவர்களிடம் பேசினாள்.

"அக்கா! நாள் பூரா வரலாம்! எப்ப வேணாலும் வாங்க! இவரைக் கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க, இருக்கறதையும் கெடுத்துடுவாரு!"

கீழே வளையல்கள் சிரித்தன. நான் கையை வெளியே எடுத்துவிட்டேன்.